மூலம்தான் என்று யார் பார்த்துச் சொன்னது?

1985 ஜூலையில் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் சின்னதொரு பாலிப்பை எடுத்துக்கொள்ள பெதஸ்டா கடற்படை மருத்துவமனைக்குப் போனார். குடலின் உட்சுவரில் மரு மாதிரி முளைக்கும் சதைக்குத்தான் பாலிப் என்று பெயர். போன காரியம் லேசாக முடிந்திருக்க வேண்டும். மருத்துவர்கள் குழாயைப் பெருங்குடல் முழுக்கச் செலுத்திப் பார்த்தபோது எதிர்முனையில் பெரிய கட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை. சுமார் 2 அடி நீளக் குடலை வெட்டி எடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருந்த சில மணி நேரம் அதிபரின் அதிகாரம் துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷிடம் இருந்தது. கட்டிக்குள் புற்று இருந்தது உறுதியானது. ரீகன் அதன் பிறகு சுமார் 19 ஆண்டுகள் வாழ்ந்து, 93 வயதில்தான் காலமானார்.

நாள் தவறாமல் மருத்துவர்கள் கூடவே இருந்த மனிதர் அவர். அவருடைய வயிற்றுக்குள்ளேயே அவ்வளவு பெரிய கட்டி எப்படிப் பதுங்கியிருந்தது? அதற்கு முந்தைய சோதனைகள் பெருங்குடலின் கடைசிப் பகுதியோடு நின்றிருந்தன. கட்டி இருந்ததோ தொடக்கத்தில். இந்த உறுப்பைப் பொறுத்தவரை எது எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் பாதிச் சங்கதி. நம் ஊரில் இதயத்தின் மூன்று ரத்தக்குழாய்களில் எதில் எத்தனை சதவீதம் அடைப்பு என்று டீக்கடையில்கூடப் பேசுவார்கள். பெருங்குடல் எந்தப் பக்கம் தொடங்கி எந்தப் பக்கம் முடிகிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

அது வலது அடிவயிற்றில் தொடங்குகிறது. ஏறக்குறைய 6 மீட்டர் நீளத்துக்குச் சுருண்டு கிடக்கும் சிறுகுடல் அங்கே வந்து சேருமிடத்தில் ஒரு வால்வு. அதற்குக் கீழே அகலமான ஒரு பை. மருத்துவர்கள் அதை சீக்கம் என்பார்கள். ரீகனின் கட்டி இருந்தது இங்கேதான். அந்தப் பையின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது குடல்வால். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தழும்பைத் தொட்டுக் காட்டும் இடம் இதுதான். அங்கிருந்து குடல் கல்லீரலின் அடிவரை ஏறி, இடதுபுறம் திரும்பி, வயிற்றின் குறுக்கே சற்றுத் தொய்ந்து தொங்கியபடி மண்ணீரல்வரை போய், இடப்பக்கமாக இறங்குகிறது. இடுப்புக்குள் நுழையும்போது ஒரு நெளிவு. பிறகு சுமார் 15 சென்டிமீட்டருக்கு மலக்குடல், அதற்கும் கீழே ஆசனவாய். எல்லாம் சேர்த்து 1.5 மீட்டர்தான். சிறுகுடலைவிட நீளம் குறைவு. அகலம் அதிகமாக இருப்பதால்தான் ‘பெரு’ங்குடல்.

சிறுகுடலிலிருந்து தினமும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் திரவம் இதற்குள் வருகிறது. அதில் பெரும்பகுதி நீரையும் உப்பையும் பெருங்குடல் உறிஞ்சிவிடுகிறது. ஆகவே வலப்பக்கம் கூழாக இருப்பது இடப்பக்கம் வரும்போது கெட்டிப்படுகிறது. குழாயும் போகப் போகக் குறுகுகிறது.

இந்தச் சின்ன விஷயம்தான் நோய் எப்படி வெளியே தெரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. வலப்பக்கம் அகலமான இடம், உள்ளே ஓடுவதும் திரவம். எலுமிச்சை அளவுக்குக் கட்டி வளர்ந்தாலும் அடைப்பு ஏற்படாது. கட்டியிலிருந்து ரத்தம் கசியும், ஆனால் கண்ணில் படாத அளவுக்கு மலத்தோடு கலந்துவிடும். அந்த ஆள் மாதக்கணக்கில் வெளுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, “ரத்தம் கம்மியா இருக்கு” என்ற பெயரில் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச் சத்துக் குறைந்தால், அந்த ரத்தம் எங்கே போகிறது என்று தேடாமல் மாத்திரை மட்டும் எழுதுவது அரை வைத்தியம்கூட இல்லை. இடப்பக்கக் கட்டி அப்படி ஒளிந்திருக்காது. மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வரும், மலம் மெலிந்து போகும், போய் வந்த பிறகும் இன்னும் போக வேண்டும்போல இருக்கும். ரத்தமும் தெரியும்.

தெரிந்ததும் என்ன நடக்கிறது? பேருந்து நிலையச் சுவர்களே விடை சொல்கின்றன. மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம் என்ற விளம்பரம் இல்லாத ஊரே கிடையாது. மலத்தில் ரத்தம் என்றால் நமக்கு ஒரே வியாதிதான். சூடு என்பார்கள், கோழிக்கறியை நிறுத்து என்பார்கள், கருணைக்கிழங்கு சாப்பிடு என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது மூலமாகவே இருக்கும் என்பதும் உண்மை. ஆசனவாய்க்குள் ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு எல்லோருக்குமே உண்டு. அது வீங்கிச் சரிவதுதான் மூலம். மூலம் இருப்பவருக்குப் புற்றும் வரலாம், ஒன்று இன்னொன்றைத் தடுக்காது என்பதுதான் சிக்கல்.

“வலியே இல்லை, அதனால் பெரிசா ஒண்ணும் இருக்காது” என்பது பலரும் சொல்லும் சமாதானம். உடற்கூறு இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. ஆசனவாய்க்குள் ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில் பல்வரிசை மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. அதற்குக் கீழே தோலுக்கு உள்ள அதே உணர்வு நரம்புகள். சின்ன வெடிப்பு வந்தாலும் உயிர் போகும். அதற்கு மேலே குடலின் உட்சுவரைக் கிள்ளினாலும் வெட்டினாலும் தெரியாது. உள்மூலம் வலிக்காததற்கு எது காரணமோ, மலக்குடல் புற்று ஆரம்பத்தில் வலிக்காததற்கும் அதுதான் காரணம். இரண்டையும் பிரித்தறிய வலியை நம்ப முடியாது. பார்க்க வேண்டும், தொட வேண்டும்.

தொடுவதில்தான் எல்லோரும் நெளிகிறோம். கையுறை அணிந்த விரல் 7, 8 சென்டிமீட்டர்வரை எட்டும்; மலக்குடலின் பாதி அதற்குள் அடங்கிவிடும். நம் நாட்டு மருத்துவமனைகளுக்கு வரும் பெருங்குடல் புற்று நோயாளிகளில் மலக்குடல் புற்றுக்காரர்களின் பங்கு கணிசம். இளம் வயதினரும் இருக்கிறார்கள். ‘பிளாக் பாந்தர்’ நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020-ல் பெருங்குடல் புற்றால் இறந்தபோது அவருக்கு 43 வயதுதான். இவ்வளவும் தெரிந்திருந்தும், நோயாளி கூச்சப்படுவார் என்று மருத்துவரும், மருத்துவர் கேட்கவில்லையே என்று நோயாளியும் அந்த இரண்டு நிமிடச் சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். களிம்பு மட்டும் கை மாறுகிறது.

பெருங்குடலை மருத்துவ உலகமே ஒரு காலத்தில் மட்டமாகத்தான் நடத்தியது. 1908-ல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப், பெருங்குடல் மனிதனுக்குத் தேவையில்லாத அழுகல் கிடங்கு என்று நினைத்தார். லண்டனில் ஆர்புத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் மலச்சிக்கலுக்காகவே பலருடைய பெருங்குடலை வெட்டி எடுத்தார். ஆனால் அது வெறும் அழுகல் கிடங்கு இல்லை. உடம்பில் வாழும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய 38 லட்சம் கோடி என்று 2016-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அவற்றில் பெரும்பாலானவை இருப்பது பெருங்குடலில்தான். கீரை, பயறு, கேழ்வரகு வழியாகப் போகும் நார்ச்சத்தை அவை நொதிக்கவைத்துத் தரும் பியூட்டிரேட் என்ற அமிலம்தான் குடல் சுவர் செல்களுக்கு முக்கிய உணவு. இது தெரிந்த பிறகும் குடலைக் கழுவி ‘நச்சு நீக்கித்’ தருவதாகச் சொல்லிக் கடைகள் நடக்கின்றன. அந்தப் பணத்துக்கு ஒரு மூட்டை பச்சைப்பயறு வாங்கலாம்.

சாதாரண பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுபோல ஆகிறது. தடுப்பதற்கு இவ்வளவு அவகாசம் தரும் புற்று குறைவு. 1969-ல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா இருவரும் வயிற்றைத் திறக்காமலே, பெருங்குடலுக்குள் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபி வழியாகக் கம்பிச் சுருக்கால் பாலிப்பை அறுத்து எடுக்கும் வழியைக் காட்டினார்கள். ஜப்பான் 1992 முதலே 40 வயதைத் தாண்டியவர்களின் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைச் சோதிக்கிறது. அமெரிக்கா பரிசோதனை தொடங்கும் வயதை 2021-ல் 45 ஆகக் குறைத்தது.

அவர்களைப் பார்த்து இங்கேயும் எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி என்று கிளம்புவது வீண். மேலைநாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இந்த நோய் குறைவு. அத்தனை பேருக்குச் சோதனை செய்ய மருத்துவர்களும் இல்லை. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளோடு நிற்பதற்கும் நியாயம் உண்டு. ஆனால் அறிகுறியோடு வந்து நிற்பவரைப் பார்க்காமல் அனுப்புவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு திரை, கையுறை, ஜெல்லி, பெண் நோயாளி என்றால் துணைக்கு ஒரு செவிலியர். இவ்வளவுதான் செலவு. மூலத்துக்கு மருந்து எழுதும் சீட்டில் ‘விரல் பரிசோதனை செய்யப்பட்டது’ என்ற வரி கட்டாயம் என்று சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். வீடு தேடிப் போய் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நடக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்களுக்கு மலப் பரிசோதனைக் குப்பியையும் அதே பையில் அனுப்பலாம். அதில் ரத்தம் இருப்பதாக வந்தால் கொலோனோஸ்கோபிக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தேதி வாங்கித் தரும் பொறுப்பையும் அந்தத் திட்டமே ஏற்க வேண்டும்.