தேக்குத் தூண் வீடுகளுக்கு ஒரு பட்டியல் வேண்டும்

காவிரிக் கரை ஊர்களில் பழைய வீடொன்று விலைக்கு வந்தால், அதைப் பார்க்க வருகிறவர்களில் பழைய மரம் வாங்கும் வியாபாரியும் இருப்பார். தூணைத் தட்டிப் பார்ப்பார், உத்திரத்தை அளப்பார், நிலைக்கதவுக்குத் தனி விலை பேசுவார். வீட்டைப் பிரித்து ஏற்றிப்போகச் சில நாள் போதும். மயிலாடுதுறை வட்டாரம் இப்படி இழந்து வருவது ஒரு முழுக் கட்டடக் கலையை.

டெல்டா வண்டல் பூமி. மலையும் இல்லை, காடும் இல்லை. பனையும் வேம்பும் உள்ளூரில் கிடைத்தாலும், வசதி படைத்த மிராசுதார்கள் கடல் கடந்து பர்மாத் தேக்கை வரவழைத்தார்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று தெருவிலிருந்து பின்புறம் வரை நீளும் இந்த வீட்டில் வெளிச்சுவர் செங்கல்லோ மண்ணோதான். மரத்தின் ஆட்சி முற்றத்தைச் சுற்றி. ஈரமும் கரையானும் ஏறாதபடி கல்லின்மேல் தூணை நிறுத்தி, தலையில் போதிகை வைத்து, அதன்மேல் உத்திரத்தைக் கிடத்தினார்கள் ஆசாரிகள். போதிகை வெறும் அலங்காரமன்று. உத்திரம் தாங்கலின்றிக் கிடக்கும் தூரத்தைக் குறைத்து, பாரத்தைத் தூணுக்குள் இறக்குவது அதுதான். மேலே கைமரம், ரீப்பர், நாட்டு ஓடு. நாலு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரியும். ஐப்பசி மழை அங்கே இறங்கி வடியும். சித்திரை வெக்கை அதே வழியாக மேலேறி வெளியேறும்.

மர வீட்டைக் காப்பதை வேறொரு நாட்டில் பார்க்கலாம். இங்கிலாந்தின் செஷயரில் லிட்டில் மோர்ட்டன் ஹால் என்றொரு மாளிகை உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய ஓக் மர வீடு. அங்கே சட்டகம்தான் வீடு. நடுவில் இருப்பது இடத்தை அடைக்கும் பூச்சு. பின்னாளில் உச்சியில் நீண்ட கூடமொன்றை ஏற்றியதால் பாரம் தாளாமல் வீடே கோணிப்போனது. ஆனாலும் விழவில்லை. மரச் சட்டகம் வளைந்து கொடுக்கும். 1938-ல் நேஷனல் டிரஸ்ட் அதை ஏற்றுக் காத்து வருகிறது.

மாளிகையைக் காப்பது பெரிய காரியமன்று. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வழியாக அந்த நாடு சாதாரணக் குடியானவர் வீடுகளையும் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கத் தொடங்கியதே, நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். உரிமையாளர் அங்கேயே குடியிருக்கலாம். அனுமதியின்றி இடிக்க முடியாது.

தமிழகத்திலும் மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-லேயே இயற்றப்பட்டது. கோயில், கோட்டை, அரசுக் கட்டடம் என்று போகும் கவனம் குடியிருப்பு வீட்டுக்கும் வந்தாக வேண்டும். முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்தில் தஞ்சை விவசாயி வீடொன்றைப் பார்க்கலாம். அருமையான பணி. ஆனால் தனி வீடு தெருவாகாது. அடுத்தடுத்த திண்ணைகள் சேர்ந்தால்தான் தெரு.

நம் மாவட்டத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 2004 சுனாமிக்குப் பின் தரங்கம்பாடியின் கோல்டுஸ்மித் தெருவில் பழைய வீடுகள் சிலவற்றை மரபுக் காப்பு அமைப்பான இன்டாக் அதே இடத்தில் சீரமைத்தது.

வீட்டுக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பங்காளிகள் சென்னையிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, நாட்டு ஓடு கிடைப்பது அதைவிடக் கடினம். தடை மட்டும் போட்டால் வீடு பூட்டியபடியே மட்கிப்போகும். சொத்து வரியில் சலுகை, ஆசாரி கூலிக்கும் ஓட்டுக்கும் மானியம், இரண்டும் பட்டியலோடு சேர்ந்தே வர வேண்டும்.

2020-ல் பிறந்த மயிலாடுதுறை மாவட்டம் இந்தப் பட்டியலை மாயூரநாதர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் தொடங்கலாம். பொறியியல் கல்லூரிக் கட்டடக்கலை மாணவர்களும் மூத்த ஆசாரி ஒருவரும் சேர்ந்து வீடு வீடாக அளந்து, வரைந்து, படமெடுத்துப் பதியட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் முதல் தெருவாவது முடிய வேண்டும்.