‘தூய எரிபொருள்’ என்னும் பொய்ச்சொல்!

திருமயிலை மாடத் தெருக்களில் இரவைப் பகலாக்கும் விளக்கொளி; தியாகராயர் நகர் அரங்கநாதன் தெருக் கடைகளிலோ பட்டப்பகலிலும் விளக்கொளி; அடையாற்று மாளிகைகளில் விடியுமட்டும் குளிர்பொறிகளின் இரைச்சல்! இவ்வளவுக்கும் வேண்டிய மின்னாற்றலில் ஒரு கூறு, எரிவளியை எரித்துப் பெறுவது. எரிக்கும் இடம் மட்டும் தென்சென்னை அன்று!

1996-இல் 120 மெகாவாட்டு வளிச்சுழலி நிலையம் நாப்தாவை எரிபொருளாகக் கொண்டு எழுந்தது, வடசென்னைப் பேசின் பாலத்தருகே. நிலத்தடி எரிவளியை எரிக்கும் நிலையங்கள் எழுந்தவை, காவிரிப் படுகையின் குத்தாலத்திலும் கோவில்களப்பாலிலும், முகவை மாவட்டத்து வழுதூரிலும். 2019-இல், ஆண்டுக்கு 50 இலக்கம் தொன் நீர்ம எரிவளியைக் கையாளும் முனையம் திறக்கப்பெற்றது எண்ணூரில். ஒளி ஓரிடம்; புகைபோக்கி வேறிடம்!

இவ்வெரிவளிக்கு ஆள்வோரும் ஆலையாரும் சூட்டிய பெயர் ‘தூய எரிபொருள்’. தூய்மை என்னும் சொல்லின் அருமையறிந்த தமிழர் இதனை உரைத்துப் பார்த்தல் வேண்டாவா?

நிலக்கரியோடு ஒப்பிட்டால் எரிவளியில் சாம்பல் இல்லை. கந்தகப் புகையும் மிகக் குறைவு. இது மெய்யே, மறுப்பாரில்லை. எரிந்த வளியால் ஒரு சுழலியும், அதன் கழிவு வெப்பம் ஆக்கிய நீராவியால் மற்றொரு சுழலியும் சுழல்வதால் ஆற்றலும் மிகுதியாய்க் கிடைக்கின்றது. ஆயினும் ஓர் அலகு மின்னுக்கு ஏறத்தாழ 400 கிராம் கரிவளி வெளிப்படுகின்றது. நிலக்கரியாயின் அது ஒரு கிலோவை நெருங்கும். 100 மெகாவாட்டு நிலையம் ஒருநாள் முழுதும் முழுவீச்சில் ஓடினால் கிடைப்பது 24 இலக்கம் அலகு மின். வான் ஏறுவது ஏறத்தாழ 1,000 தொன் கரிவளி! கடுவெப்பத்தில் காற்றிலுள்ள வெடியவளியும் உயிர்வளியும் கூடி நுரையீரலை அரிக்கும் நச்சுவளிகளும் பிறக்கின்றன. எரியுமுன் கிணற்றிலும் குழாயிலும் கசியும் மீத்தேனோ, இருபதாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரிவளியினும் ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைத் தேக்குவது. குறைந்த அழுக்கு வேறு; தூய்மை வேறு!

இக்கணக்கைப் படுகை உழவன் எங்கே படிப்பான்? 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை, மக்கள் கருத்துக் கேட்புக்கென மாநில மொழியில் கேட்பது அறிக்கையின் சுருக்கத்தை மட்டுமே! 2020-இல் அதனை மாற்ற முனைந்த நடுவணரசு, வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்குமாறு தில்லி உயர்முறைமன்றம் 30-6-2020-இல் ஆணையிட்டது. நடுவணரசோ அதனை எதிர்த்து உச்சமன்றம் ஏறியது! புகை மட்டும் தமிழனுக்கு. புகையின் கணக்கு பிறமொழியார்க்கு!

மீத்தேன் என்றால் என்னவென்று நம்மாழ்வார் ஊர் ஊராய்ச் சென்று தமிழில் விளக்கினார். அப்பணியிடையே 30-12-2013-இல் மறைந்தார். தாய்மொழியில் அறிந்த உழவர் எழுந்து நின்றனர். அறியாமையே ஆலையார்க்கு அரண். தாய்மொழி அறிவே அவ்வரணைத் தகர்க்கும் கருவி.

கடைப் பெயர்ப்பலகையைத் தமிழாக்குவது நற்பணியே. ஆனால், பலகைக்குப் பின்னெரியும் விளக்கின் கணக்கும் தமிழாக வேண்டும். ஒவ்வொரு நிலையமும் நாள்தோறும் ஆக்கிய மின் எவ்வளவு, எரித்த வளி எவ்வளவு, உமிழ்ந்த நச்சு எவ்வளவு என நிலைய வாயிலிலும் ஊராட்சி மன்றத்திலும் தமிழில் எழுதி வைக்கச் சட்டம் வேண்டும். சுருக்கமன்று, முழு அறிக்கையும் தமிழில் வேண்டும். அதற்கான சொற்களை ஆக்கித் தருவது தமிழறிஞர் கடன். கேட்டுப் பெறுவது ஒளியைத் துய்க்கும் சென்னைத் தமிழர் கடன்.

தான் மூச்சிழுக்கும் காற்றின் கணக்கைத் தன் மொழியில் படிக்க இயலாதவன் தன் மண்ணிலேயே அயலான். அந்நிலை ஒழிக! கணக்கு தமிழில் வருக!