எங்க செட்டு



‘செட்’ என்று ஒரு சொல். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் அதன் வினைவடிவத்துக்கு மட்டும் 430 பொருள்கள் இருந்தன. பிற்பாடு ‘ரன்’ 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது.

சூரியன் மறைவது, சிமென்ட் இறுகுவது, முறிந்த எலும்பைப் பொருத்தி வைப்பது எல்லாமே அங்கே செட்தான். ‘உட்காரவை’ என்ற பழைய ஆங்கில வேரிலிருந்து கிளைத்தவை இவை. தொகுதி, கூட்டம் என்ற பொருளில் வரும் செட்டோ லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பேச்சுவழக்கில் இதற்கு இன்னும் துணிச்சல் அதிகம். லாஸ் ஏஞ்சலிஸ் தெருக் கும்பல்கள் தங்கள் பேட்டைக் குழுவை செட் என்கின்றன. கடலில் அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் அடுத்தடுத்துத் திரண்டு வரும் பெரிய அலைகளையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

எனக்குப் பெருமையாக இருப்பது நம் ஊர்க்காரர்கள் இதை வைத்துச் செய்திருப்பதுதான். பம்பும் மோட்டாரும் சேர்ந்த இயந்திரத்துக்குத்தான் பம்புசெட் என்று பெயர். கிராமத்தில் அது ஓர் இடமாகிவிட்டது. “பம்புசெட்டுக்குப் போயிட்டு வரேன்” என்று தோளில் துண்டோடு கிளம்புகிறவர் மோட்டாரைப் பார்க்கப் போகவில்லை. தொட்டியில் விழும் தண்ணீரில் தலையைக் கொடுக்கப் போகிறார். கோயில் கொடைக்கு மைக்செட் ‘கட்டுகிறோம்’. கல்யாணத்துக்கு மேளசெட் ‘பேசிவிடுகிறோம்’. கூடப் படித்தவர்கள், ஒத்த வயதுக்காரர்கள் என்றால் “எங்க செட்டு” என்ற இரண்டு சொல்லில் அத்தனை உரிமையும் வந்துவிடுகிறது.

இளைஞர்களின் ‘செட் ஆகல’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேலையை விட்டுவிட்டு வந்த பையன் “அந்த ஊரு எனக்கு செட் ஆகலம்மா” என்கிறான். ‘பிடிக்கல’ என்று சொல்லியிருந்தால் குறை ஊர்மேல் விழும். ‘முடியல’ என்றால் அவன்மேல் விழும். இதில் யார்மேலும் பழியில்லை. மேற்கொண்டு கேட்காமல் அம்மாவும் சாப்பிடக் கூப்பிட்டுவிடுகிறார். கொச்சை என்று இதை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இத்தனை நாசூக்கைத் தாங்கும் பேச்சை அகராதியில் ஏற்றத்தான் வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1879-இல் வாசகர்களிடமே உதவி கேட்டார். படிக்கும்போது கண்ணில் படும் சொல்லை, அது வந்த வாக்கியத்தோடு துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பச் சொன்னார். தபால் குவிந்த குவியலில் அவர் வீட்டு வாசலிலேயே அஞ்சல்பெட்டி ஒன்றை நட்டார்கள். அது இன்றும் அங்கே நிற்கிறது. நமக்கும் 1992-இல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நல்ல வழி காட்டியது. ஆனால் ஊருக்கு ஊர் மாறும் பேச்சை அந்தந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும்.

ஆகவே, எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் ‘செட்’ எப்படியெல்லாம் புழங்குகிறது? பொருள் மட்டும் போதாது. சொன்ன வாக்கியம் முழுசாக வேண்டும், எந்த ஊர், சொன்னவருக்கு ஏறக்குறைய என்ன வயது என்பதும் வேண்டும். அஞ்சலட்டையே போதும். வருகிறவற்றை அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்