நாவின் கீழ் இடும் மாத்திரை



யான் வைத்தியன் அல்லேன். ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவன். எனினும் இம்மாதம் மருந்தைப் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம், நம் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளி வசிக்கும் என் தாய்மாமா ஆவார்.

தேவராஜ மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அவருக்கு மார்பு இறுகியது. இருதய நோயாளியாகையால், சட்டைப்பையிலிருந்த சார்பிட்ரேட் மாத்திரையை நின்றபடியே நாவின் கீழ் இட்டுக்கொண்டார். வலி தணிந்தது. ஆனால் கண் இருண்டு சாய்ந்துவிட்டார். பூக்கடைக்காரர் ஒருவர் தாங்கிப் பிடித்திராவிடில் கல்தரையில் தலை மோதியிருக்கும்.

இம்மருந்து இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரியச் செய்கிறது. அதனால் இருதயத்தின் சுமை குறைந்து வலி நீங்குகிறது. அப்போதே இரத்த அழுத்தமும் இறங்கும். நிற்பவருக்கு இரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும். ஆகவே முதலில் அமரவேண்டும், பின்னரே மாத்திரை. அதை விழுங்காமல் கரையவிடல் வேண்டும். 5 நிமிடத்தில் வலி தணியாவிடில் 108க்கு அழைக்கத் தாமதிக்கலாகாது. மாடியேறுமுன் வலி வரும் என அறிந்தவர்க்கு, முன்கூட்டியே ஒன்றை இட்டுக்கொள்ளும்படி டாக்டர் சொல்வதும் உண்டு.

மார்க்கெட்டில் வலி வந்ததே ஏன் என்று டாக்டர் துருவிக் கேட்டபோதுதான் மற்றொரு பிழை வெளிப்பட்டது. வலி வராமல் தடுக்க மாமா தினமும் உட்கொள்ளும் நைட்ரேட் மாத்திரைக்குக் காலை 8 மணி, பிற்பகல் 3 மணி என்று சீட்டில் எழுதியிருந்தது. "இரண்டு வேளை என்றால் காலையும் இரவும்தானே, மாப்பிள்ளை?" என்று என்னைக் கேட்டார் மாமா. ஆமென்று தலையாட்டியவன் அடியேனே! ஆகவே 3 மணி மாத்திரை இரவு 8 மணிக்குப் போயிற்று. சில வாரங்களில் மாடிப்படியிலேயே மூச்சுப் பிடித்தது.

இதன் விளக்கம் மருத்துவமனையில் அன்று, வெடிமருந்துத் தொழிற்சாலையில். நீலகிரி ரயிலில் சென்றவர்கள் குன்னூருக்கு அப்பால் அருவங்காடு ஸ்டேஷனைக் கண்டிருப்பீர்கள். அங்குள்ள கார்டைட் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கார்டைட்டில் சேரும் நைட்ரோகிளிசரின் 1847இல் சோப்ரேரோ என்ற இத்தாலியர் கண்டுபிடித்தது; நாவில் சிறிது பட்டதும் கடுந்தலைவலி கண்டதை அவரே குறித்து வைத்தார். அதையே 1879இல் மரெல் என்னும் ஆங்கில வைத்தியர் மார்வலிக்கு மருந்தாக்கினார். டைனமைட் செய்த நோபெலுக்கும் இறுதிக் காலத்தில் இதுவே விதிக்கப்பட்டது!

மேனாட்டு டைனமைட் தொழிலாளர்களுக்குத் திங்கட்கிழமை தோறும் தலைவலி வந்தது. இரண்டொரு நாளில் உடல் அப்பொருளுக்குப் பழகிவிடும், தலைவலி நிற்கும். ஞாயிறு ஓய்வில் பழக்கம் அற்றுப்போக, திங்களன்று மீண்டும் தலைவலி. மாத்திரைக்கும் இதே நியதி. பகலும் இரவும் மருந்து உடலில் இருந்துகொண்டேயிருந்தால் உடல் பழகி, பலன் குன்றும். இரவில் பல மணி நேரம் மருந்தற்ற இடைவெளி கிடைத்தால் மறுநாள் காலை அது மீண்டும் வேலை செய்யும். 8, 3 என்பதன் பொருள் இதுவே. மருந்துக்கு மருந்து நேரம் வேறுபடும். சீட்டிலுள்ளதை நாமாக மாற்றுவதும், திடீரென நிறுத்துவதும் தகாது.

கூச்சத்தால் மறைக்கப்படும் செய்தி ஒன்றுண்டு. ஆண்மைக் குறைவுக்கு விற்கும் சில்டெனாபில், டடலாபில் மாத்திரைகளை நைட்ரேட்டுடன் சேர்த்தால் இரத்த அழுத்தம் ஆபத்தாக வீழ்ந்து உயிருக்கே கேடாகும். அவற்றை உண்டிருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் கூறிவிடுக. மார்வலி என்று வந்த அண்டை வீட்டாருக்கு நம் மாத்திரையைக் கொடுத்துதவுவதும் இக்காரணத்தாலேயே நன்றன்று.

நைட்ரோகிளிசரின் மாத்திரை வைத்திருப்போர் அதை வந்த கண்ணாடிப் புட்டியிலேயே இறுக மூடி வைக்க. காகிதத்தில் மடித்தால் வீரியம் ஆவியாகிவிடும்.

மாமா இப்போது நலம். 4 மணிக் காப்பியை அத்தை 3 மணிக்கே கலந்து, மாத்திரையும் கையுமாக நிற்கிறார். என்னிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை.