அவருக்குத்தான் கேக்காதே?



வெளியூரில் இருந்து வந்த ஒருவருக்கு வழி சொல்கிறோம்: "ஊமையன்ட கடையடி ஒழுங்கை, ரெண்டாவது வீடு." அந்தக் கடைக்காரருக்கு வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. வருடக்கணக்காக அவரிடம் சாமான் வாங்கும் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

கேட்டால் பதில் தயார்: "அவருக்குத்தான் கேக்காதே, அதுல என்ன?"

அவருக்கு நம் வாயசைவு தெரியும். பக்கத்தில் நிற்பவரின் சிரிப்பும் தெரியும். அவருடைய பிள்ளைக்குக் காது நன்றாகவே கேட்கும். பாடசாலையில் அவள் "ஊமையன்ட மகள்". ஆசிரியர்களான நாமும் சுத்தமில்லை. கவனிக்காத மாணவனை "செவிடாடா நீ?" என்று ஏசும்போது, காது கேளாமை ஓர் இழிவு என்று முழு வகுப்புக்கும் படிப்பித்து விடுகிறோம்.

பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) வந்தபோது நபி (ஸல்) அவர்களின் முகம் சுளித்த சம்பவத்துக்காக அல்லாஹ் 'அபஸ' சூராவை இறக்கினான். அந்தச் சுளிப்பை அந்த ஸஹாபியால் பார்த்திருக்கவே முடியாது. அவருக்குத் தெரியாதே என்று அல்லாஹ் விட்டுவிடவில்லை. நாம் மட்டும் எந்தத் துணிவில் "அவருக்குக் கேக்காதே" என்கிறோம்?

"குர்ஆனிலேயே செவிடர், ஊமையர் என்று வருகுதே" என்பவர்களும் உண்டு. அது காது இருந்தும் சத்தியத்தைக் கேட்க மறுத்தவர்களைப் பற்றியது. பட்டப்பெயர் சொல்லி அழைப்பதைத் தடுக்கும் வசனமும் அதே குர்ஆனில்தான் இருக்கிறது: சூரா ஹுஜுராத், 11.

'ஊமை' என்பது பொய்யும்கூட. காது கேளாதோரில் பெரும்பாலானவர்களுக்குக் குரலில் குறை இல்லை. அவர்களின் சைகை மொழி இலக்கணம் உள்ள முழு மொழி. அதைப் படிக்காதவர்கள் நாம்.

பெயரோடு இது முடிவதில்லை. அவர் உழைத்த சம்பளத்தைத் தம்பியின் கையில் கொடுக்கிறோம். காணி விசயம் பேச "காக்காவை வரச் சொல்லுங்க" என்கிறோம். அவர் வீட்டுப் பெண்ணுக்கு வந்த கலியாணப் பேச்சை மெதுவாக நிறுத்துகிறோம். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி, பேச முடியாதவர் ஒப்பந்தத்தில் காட்டும் சைகை பேச்சுக்குச் சமம் என்று 'மின்ஹாஜ்' நூலில் எழுதி 700 வருடங்களுக்கு மேலாகிறது. தொழிலுக்கு எடுப்பதிலும் கல்விக்கூடங்களில் சேர்ப்பதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் சொல்கிறது.

2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரை நம்முடையது. நாளை பள்ளி ஒலிபெருக்கியில் "கடல் வருகுது, ஓடுங்க" என்று அறிவித்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போவது யார்?

பள்ளி நிர்வாகங்களே, குத்பாவின் சுருக்கத்தையாவது எழுத்தில் கொடுங்கள். சைகை தெரிந்த ஒருவரை முன் ஸப்பில் நிறுத்துங்கள். ஆசிரியர்களே, "செவிடா" என்ற ஏச்சை இன்றோடு விடுவோம். மற்ற எல்லோரும் நாளைக்கு அந்தக் கடைக்குப் போய், ஒரு துண்டுக் கடதாசியை நீட்டி அவருடைய பெயரைக் கேளுங்கள்.

நாம் அறிந்தும் அறியாமலும் புண்படுத்தியதை அல்லாஹ் மன்னிப்பானாக.