பக்கத்து வீட்டில் பிறந்திருந்தால்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேசை மேலேயே இருக்கிறது. எழுதியவர் ஓர் இளம் தாய். நான்காம் வகுப்புப் படிக்கும் அவர் மகள், பக்கத்து வீட்டுத் தோழி நோன்பு வைப்பதைப் பார்த்துவிட்டு வந்து, "நான் அவங்க வீட்டுல பொறந்திருந்தா அல்லாவைத்தானேம்மா கும்பிட்டிருப்பேன்? அப்ப நம்ம முருகனைப் பொய்யின்னு சொல்லியிருப்பேனா?" என்று கேட்டிருக்கிறாள். சாமி விஷயத்தில் இப்படியெல்லாம் பேசக் கூடாது என்று அதட்டி அனுப்பிவிட்டாராம் தாய். "அவள் தூங்கிவிட்டாள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

அம்மா, உங்கள் மகள் கேட்டது அதட்டி அனுப்பக்கூடிய கேள்வி அல்ல. 900 ஆண்டுகளுக்கு முன் இஸ்லாமிய உலகின் மிகப் பெரிய அறிஞர்களில் ஒருவரை இதே கேள்வி பிடித்து உலுக்கியிருக்கிறது. 1058-இல் குராசான் பகுதியின் தூஸ் நகரில் பிறந்த இமாம் கஸ்ஸாலி, தம் வாழ்க்கையைத் தாமே சொல்லும் நூலில் இளமைக்கால நினைவு ஒன்றைப் பதிந்திருக்கிறார். கிறித்தவர் வீட்டுப் பிள்ளைகள் கிறித்தவர்களாகவும், யூதர் வீட்டுப் பிள்ளைகள் யூதர்களாகவும், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் முஸ்லிம்களாகவும் வளர்வதை அவர் கவனிக்கிறார். பெற்றோர் சொன்னார்கள் என்பதற்காக ஏற்றுக்கொண்டவை அத்தனையும் அந்தக் கணத்திலிருந்து அவருக்கு ஆட்டம் காண்கின்றன. பின்னாளில் பாக்தாதின் நிஸாமிய்யா கல்விக்கூடத்தில் தலைமைப் பேராசிரியராக இருந்தபோது, 1095-இல், பாடம் சொல்ல நா எழாமல் போனது, உணவும் இறங்கவில்லை. பதவியையும் பெயரையும் விட்டுவிட்டு டமாஸ்கஸ், ஜெருசலேம், மக்கா என்று ஆண்டுக்கணக்கில் அலைந்தார். முடிவில் அவர் வந்து நின்றது இஸ்லாத்துக்குள்தான், சூஃபிகளின் வழியில். கேட்டதற்காக அவர் நம்பிக்கையை இழந்துவிடவில்லை. கேள்வியை அடக்கினால்தான் பிள்ளையின் பக்தி பிழைக்கும் என்று அஞ்சும் பெற்றோருக்கு முதலில் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

கஸ்ஸாலி கண்ணால் பார்த்ததை இன்று கணக்காகவும் பார்க்கலாம். பியூ ஆய்வு மையம் 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 30,000 பேரிடம் மதம் பற்றிக் கேட்டது. எந்த மதத்தில் வளர்ந்தார்களோ அதே மதத்தில்தான் அவர்களில் 98 விழுக்காட்டினர் இருந்தார்கள். அத்தனை பேரும் எல்லா மதங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்த பிறகு, தற்செயலாகத் தங்கள் பெற்றோரின் மதமே சரியென்ற முடிவுக்கு வந்திருக்க முடியாது.

அப்படியானால் அந்த உறுதி எங்கிருந்து வருகிறது?

என் பதில் ஒன்றுதான். மதம் நமக்குக் கருத்தாக வருவதற்கு முன்னால் ஆட்களாக வருகிறது. மார்கழியில் குளிரக் குளிர எழுப்பி நெற்றியில் திருநீறு இட்டுவிடும் பாட்டி, சஹர் நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு சோறு ஊட்டும் உம்மா, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீர்த்தனை பாடும்போது மட்டும் குரல் தழுதழுக்கும் அப்பா. இவர்கள் நம்மிடம் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது நமக்கு எந்த வேதத்தையும் படிப்பதற்கு முன்பே தெரியும். அவர்கள் மேல் உள்ள நம்பிக்கைதான் அவர்கள் கைகாட்டிய கடவுள் மேலும் படர்கிறது. பிறகு யாராவது வந்து உன் மதம் தவறு என்றால், ஒரு தத்துவத்தை மறுத்ததாக நம் காதில் விழுவதில்லை. பாட்டியைப் பொய்க்காரி என்றதாக விழுகிறது. அதனால்தான் இந்தப் பேச்சில் அவ்வளவு சீக்கிரம் குரல் உயர்ந்துவிடுகிறது.

"படித்தவர்கள் அப்படியல்ல, அவர்கள் நூல்களை அலசித்தானே முடிவெடுக்கிறார்கள்?" என்று கேட்கலாம். இதற்கு 19-ஆம் நூற்றாண்டுத் தமிழில் இரண்டு பேரின் வாழ்க்கையைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இணை இது.

முதலாமவர் ஆறுமுக நாவலர். 1822-இல் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தவர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர். அந்த மொழிபெயர்ப்பு 1850-இல் சென்னையில் அச்சானது. ஒரு நூலை மொழிபெயர்ப்பவனைப் போல அதன் ஒவ்வொரு சொல்லோடும் மல்லுக்கட்டுகிறவன் வேறு யாருமில்லை. அந்தக் காலத்துத் தமிழ்க் கிறித்தவர்களில் பெரும்பாலானோரைவிட விவிலியத்தை நாவலர் நெருக்கமாக அறிந்திருப்பார். அப்படி அறிந்தும் அவர் கிறித்தவராகவில்லை. 1847-இன் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். மறு ஆண்டு மிஷன் வேலையை விட்டுச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854-இல் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' நூலில் அவர் கையாண்ட வழி வியப்பூட்டுவது. சைவ வழிபாட்டைப் பழிக்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டிலும் ஆலயம் உண்டு, விளக்கு உண்டு, தூபம் உண்டு, நியமங்கள் உண்டு என்று பாதிரிமாரின் வேதத்தையே எடுத்துக்காட்டிச் சைவத்தைக் காத்தார்.

இரண்டாமவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. நாவலருக்கு ஐந்து ஆண்டு இளையவர். நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்தவர். போப்பையர் தொடக்கிவைத்த சாயர்புரம் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கும் அதே விவிலியம்தான் எதிர்ப்பட்டது. 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் ஆனார். 1894-இல் வந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' அவருக்குக் கிறித்தவக் கம்பர் என்ற பெயரையே தந்தது.

இருவரும் பெரும்புலவர்கள். இருவரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். படித்ததும் ஒரே வேதம். ஒருவரைச் சைவத்தின் காவலராக்கிய அந்த வாசிப்பு, மற்றவரை இயேசுவின் அடியாராக்கியது. வாதத்தின் வலிமை மட்டுமே காரணம் என்றால் இரண்டில் ஒருவர் புத்தி குறைந்தவராக இருந்திருக்க வேண்டும். இருவர் எழுத்தையும் கொஞ்சமாவது படித்த எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள்.

நாவலரிடம் கிறித்தவம் யார் வடிவில் வந்தது என்று பாருங்கள். பெர்சிவல் தனிப்பட்ட முறையில் நல்ல மனிதர், நாவலரின் தமிழை மதித்தவர். ஆனால் நல்லூர் கந்தசாமி கோயிலை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளியது அந்த ஊரின் நினைவில் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகம் வேண்டுமானால் ஞானஸ்நானம் பெற்றாக வேண்டும் என்ற நிலை இருந்ததும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அறிந்த கதை. நல்லூரில் பிறந்த பிள்ளைக்கு அந்த வேதம் ஆள்பவர்களின் கையில் இருந்த வேதம். கிருஷ்ண பிள்ளைக்கோ அது நெருங்கிய நண்பர்கள் கையிலிருந்தும், கூடப்பிறந்த தம்பியின் கையிலிருந்தும் வந்தது. அவர் வட்டத்தில் அன்புக்குரியவர்களே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். வேதம் ஒன்றுதான், அதை நீட்டிய கைகள் வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். மதம் மாறிய கிருஷ்ண பிள்ளை பழைய வீட்டை வெறுங்கையோடு விட்டுப் போகவில்லை. கம்பனின் நடையையும், தேவாரமும் பாசுரமும் கற்றுக்கொடுத்த உருக்கத்தையும் கூடவே கொண்டுபோனார். அவர் பாடிய கிறிஸ்துவின் முன்னால் ஆழ்வார்கள் போலத்தான் கரைந்து நின்றார். மாறாத நாவலரோ மிஷன் வீட்டிலிருந்து அச்சகம், வகுப்புவாரிப் பாடநூல், வினாவிடை நூல், வாராந்தரப் பிரசங்கம் என்று வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டு சைவத்துக்குத் தந்தார். இருவருமே எதிரில் இருந்தவரிடமிருந்து இவ்வளவு பெற்றிருக்கிறார்கள். நம் மேடைகளில் இருவரையும் தனித்தனியே போற்றுகிறோம். சேர்த்துப் பேசுவதே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

சமயவாதம் தமிழுக்குப் புதிதல்ல. வஞ்சி மாநகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் அவரவர் திறம் கேட்கிறாள். அத்தனை கொள்கைகளை வரிசையாக வைத்துக் காட்டும் அந்தக் காதை நம் இலக்கியத்தின் பெருமை. ஆனால் அவள் அங்கே வரும்போதே மனம் பௌத்தத்தில் பதிந்தாயிற்று. அறவண அடிகள் மேல் அன்பு வேரூன்றியாயிற்று. யார் பேச்சும் அவளை அசைக்கவில்லை. குண்டலகேசிக்கு நீலகேசி எதிர்வாதம் செய்தது. சிவஞான சித்தியாரின் பரபக்கம் பிற சமயங்களை ஒவ்வொன்றாக மறுத்தது. இந்த நூல்களின் கூர்மையை மனமாரப் போற்றுகிறேன். ஆனால் அவை அதிகம் உதவியது ஏற்கனவே நம் பக்கம் இருப்பவர்களை உறுதிப்படுத்தத்தான். அப்பர் சுவாமிகளின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சமணத்தில் தருமசேனராக உயர்ந்திருந்தவரைப் பெரியபுராணம் எந்த விவாத மேடையிலும் தோற்கடித்துத் திருப்பி அழைத்துவரவில்லை. சூலை நோய் வாட்டுகிறது. அவர் தேடிப் போவது திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரை.

இப்படி வந்து சேர்ந்த நம்பிக்கையை வாழ்க்கை மேலும் மேலும் உறுதிப்படுத்துகிறது. நாகப்பட்டினத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்: வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி, மேற்கே சிக்கல். மூன்று இடத்திலும் நேர்ந்துகொண்டு நடந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேளாங்கண்ணியில் வேண்டுதல் பலித்தவர்கள் செலுத்திய பொன்னும் வெள்ளியும் காட்சிக்கே வைக்கப்பட்டிருக்கின்றன. நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். வேண்டியது நடந்தால் ஆண்டவரின் அருள். நடக்காவிட்டால் முன்வினை, தேவ சித்தம், அல்லாஹ்வின் நாட்டம். இப்படி எந்த மதத்திலும் நம்பிக்கை காயப்படாமல் மீண்டுவிடுகிறது. இதை ஏமாற்று என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். பிள்ளை பிழைக்காத வீட்டிலும் மறுநாள் விளக்கேற்றக் கை எழுவது இதனால்தான். ஆனால் என் அனுபவம் என் மதத்துக்குச் சாட்சி என்றால், அவர் அனுபவம் அவர் மதத்துக்கு அதே அளவு சாட்சி என்பதையும் ஏற்க வேண்டும்.

அதே நாகப்பட்டினத்தில் ஒரு காலத்தில் நான்காவது வாசலும் இருந்தது. ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் ஊரைக் கொடையாகத் தந்ததைச் செப்பேடு சொல்கிறது. அங்கே பிள்ளைகளை அழைத்துப் போய்ப் புத்தர் முன்னால் கைகூப்பவைத்த தாய்மார் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் தங்கள் தர்மம் மெய் என்பதில் ஐயம் இருந்திருக்காது. 1856 முதல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நாகைப் புத்தர் செப்புத் திருமேனிகள் பல இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1867-இல் எஞ்சியிருந்த பழைய கோபுரமும் இடிக்கப்பட்டது. அந்த ஊரில் புத்தர் சொன்னது பொய் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. வாணிகம் தேய்ந்தது, ஆதரித்த அரசுகள் போயின. பிள்ளைக்குச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போனது. அதோடு அந்த உறுதியும் அங்கே அற்றுப்போனது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "பிறப்பால் வந்ததுதான் என்றால் எல்லா மதமும் பொய்யா?" என்று கேட்பீர்கள். அந்த முடிவுக்கும் அவசரப்பட வேண்டாம். வாய்ப்பாட்டையும் நாம் பிறர் சொல்லித்தான் கற்றோம், அதனால் அது பொய்யாகிவிடவில்லை. ஒரு நம்பிக்கை நம்மிடம் எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. அது மெய்தானா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை தேடி வாழ்நாளைக் கொடுத்தவர்கள் எல்லா வழியிலும் உண்டு, எந்த வழியும் வேண்டாம் என்றவர்களிலும் உண்டு. நான் தீர்ப்புச் சொல்ல இந்தப் பக்கம் போதாது, எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. ஆனால் முதல் கேள்விக்கு விடை தெரிந்தவருக்கு ஓர் உரிமை பறிபோய்விடுகிறது: எதிர் வீட்டுக்காரர் அறியாமையால்தான் அவர் சாமியைக் கும்பிடுகிறார் என்று நினைக்கும் உரிமை. அவரும் நம்மைப் போலவே, தன்மேல் உயிரை வைத்திருந்த யாரோ ஒருவரை நம்பித்தான் அங்கே நிற்கிறார்.

கடிதம் எழுதிய தாய்க்கு: உங்கள் மகளிடம், "ஆமாம்மா, அந்த வீட்டில் பிறந்திருந்தால் நீயும் நோன்பு வைத்திருப்பாய்" என்று தயங்காமல் சொல்லுங்கள். முருகனை உங்களுக்குச் சொல்லித்தந்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தத் தோழிக்குச் சொல்லித்தந்தது யார் என்று அவளே போய்க் கேட்டு வரட்டும்.

மற்ற வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் நம்பிக்கையை உங்கள் கையில் தந்தவர் யார்? அவர் எப்படித் தந்தார்? ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். மதம் மாறியவர்களும், நம்பிக்கையை விட்டவர்களும் விட்ட கதையை எழுதலாம். பிற மதத்தைக் குறைசொல்லும் வரி மட்டும் வேண்டாம். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்