கண்மாய்க்கரை கட்டிட பர்மிட்: கல் ஊன்றும் முன்பே கேள்வி கேட்க வழி வேண்டாமா?

தல்லாகுளம், சொக்கிகுளம், பீபீகுளம், ஆத்திகுளம். மதுரை டவுன் பஸ்சில் ஏறினால் கண்டக்டர் கூப்பிடுவதெல்லாம் குளமாகவே இருக்கும். இறங்கிப் பார்த்தால் எல்லாம் கட்டிடம்!

2004-ல் திறக்கப்பட்ட ஐகோர்ட்டு மதுரைக் கிளையே உலகநேரி கண்மாய் இருந்த பூமியில்தான் நிற்கிறது. "எங்கள் கண்மாயைக் காப்பாற்றுங்கள்" என்று மனுப் போடப் போகிறவரும் ஒரு கண்மாய் மேலேதான் நடந்து போக வேண்டியிருக்கிறது.

கண்மாய்க்கரையில் கட்டிடம் வரப்போகிற விஷயம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எப்போது தெரிகிறது? கிராவல் லாரி வந்து கொட்டும்போதுதான்! அதற்குள் பர்மிட்டில் முத்திரை விழுந்திருக்கும். மாநகராட்சிக்கு ஓடினால், "எல்லாம் முறைப்படிதான் கொடுத்திருக்கு" என்பார்கள். தாலுகா ஆபீசுக்குப் போனால் நீர்வளத்துறையைக் கைகாட்டுவார்கள். அங்கே போனால், "அது பட்டா இடமாச்சே" என்பார்கள். இவர்கள் மூன்று படி ஏறி இறங்குவதற்குள் அங்கே தளம் போட்டு முடிந்துவிடும்.

பட்டா இருந்தால் கட்டக் கூடாதா?

நியாயமான கேள்விதான். வாயும் வயிறும் கட்டி இடம் வாங்கியவர் வீடு கட்டத்தான் செய்வார். பொறாமையால் மொட்டைப் பெட்டிஷன் போடுகிறவர்களும் ஊரில் உண்டு. அதற்காகத்தான் முன்கூட்டியே அளக்கச் சொல்கிறார்கள் ஜனங்கள். கரை எதுவரை, வாய்க்கால் புறம்போக்கு எங்கே, கலுங்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று சர்வேயர் சங்கிலி பிடித்துக் காட்டிவிட்டால் வம்பே இல்லை. இடம் சுத்தமாக இருந்தால் கட்டுகிறவரை யாரும் தடுக்க முடியாது.

கேரளாவில் கொச்சி பக்கம் மரடு என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். காயல் கரையில் அடுக்குமாடி கட்ட 2006-ல் பஞ்சாயத்து பர்மிட் கொடுத்தது. 2007-லேயே அதை ரத்து செய்ய நோட்டீஸ் போனது. வழக்கு இழுத்தது, கட்டிடமும் வளர்ந்தது. கடலோர விதியை மீறியவை என்று 2019 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் 4 அடுக்குமாடி வளாகங்களும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. 300-க்கும் மேற்பட்ட பிளாட்டுகள் மண்ணோடு மண்! காசு போட்டு வாங்கியவர்கள்தான் கண்ணீரோடு நின்றார்கள்.

நம்மூரிலும் 2024 அக்டோபர் மழையில் செல்லூர் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த மாதமே பீபீகுளம் முல்லை நகரில் கண்மாய் ஆக்கிரமிப்பு என்று வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். காலங்காலமாகக் குடியிருந்தவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். இடிக்கும்போது காட்டுகிற வேகத்தைக் கட்டும் முன்பே காட்டியிருந்தால் இந்தக் கோலம் வந்திருக்குமா?

இப்போது இன்னும் அவசியம்

2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. ஆபீஸ் ஆபீசாக அலையும் அவதி குறைந்தது, நல்லதுதான். ஆனால் முன்கூட்டியே அதிகாரி வந்து இடத்தைப் பார்ப்பது இதில் கிடையாது. அப்படியானால் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களின் கண்தானே காவல்?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல. கண்மாய், வாய்க்கால் ஓரத்து மனைக்கு விண்ணப்பம் வந்தால், சர்வே எண்ணோடு தமிழில் ஒரு பலகை அந்த இடத்திலேயே வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல நாள் கொடுக்க வேண்டும். வருவாய்த்துறையும் நீர்வளத்துறையும் சேர்ந்து அளந்த பிறகே கையெழுத்து விழ வேண்டும்.

ஒரு பலகைக்கு ஆகிற செலவு சில நூறு ரூபாய். கட்டிய வீட்டை இடித்தால் போவது ஒரு குடும்பத்தின் ஆயுள் சம்பாத்தியம். மாநகராட்சி கணக்குப் போட்டுப் பார்க்குமா?